பட்டர்வொர்த்திலிருந்து ஜோர்ஜ்டவுனுக்கு ஒரு சம்பளச் சீட்டு

என் தாய்மாமா மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜோர்ஜ்டவுனில் லெபோ பாசாரை ஒட்டிய சந்து ஒன்றில், மாடியில், கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறார். சின்னக் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு போட்டுக் கொடுப்பதுதான் முக்கிய வேலை. பிறையில் உள்ள பட்டறைகள், பாதுகாவலர்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனங்கள், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டக் குத்தகைக்காரர்கள் என்று வாடிக்கையாளர்கள். போன வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு கிளை திறந்தார். கடைவீட்டின் கீழ்த்தளம், இரண்டு மேசை, ஒரு பழைய பெரிய நகல் இயந்திரம், மாமாவிடம் பதினாறு வருஷமாக இருக்கும் கிளார்க் அக்கா. கிளை அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் தாள்களை அக்கா அந்த இயந்திரத்தில் ஸ்கேன் செய்வார். அது கடலைத் தாண்டி ஜோர்ஜ்டவுன் சர்வருக்குப் போய்ச் சேரும். எப்படிப் போகிறது என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. எனக்குத் தொழிலே நெட்வொர்க்தான். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் அதைத்தான் பார்க்கிறேன். ஆனாலும் அக்கா கூப்பிட்டபோதுதான் அந்தப் பக்கம் போனேன்.

"தம்பி, ஸ்கேன் ரொம்ப மெதுவா போகுது. பதினஞ்சாம் தேதிக்குள்ள இபிஎப், சொக்சோ எல்லாம் கட்டணும். ஒரு எட்டு வந்து பாருங்க."

இபிஎப் என்பது தொழிலாளர் சேமநிதி, சொக்சோ என்பது அவர்களின் காப்புறுதி. மெதுவாகப் போனதற்குக் காரணம் சாதாரணம். யாரோ இயந்திரத்தை 600 புள்ளி அடர்த்தியில், முழு வண்ணத்தில் வைத்திருந்தார்கள். 300-க்கும் கறுப்பு வெள்ளைக்கும் மாற்றினேன், முடிந்தது. அதோடு கிளம்பியிருக்கலாம். ஆனால் மடிக்கணினியில், நெட்வொர்க்கில் ஓடுவதை அப்படியே காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்துவிட்டிருந்தேன். இயந்திரத்துக்கும் ரூட்டருக்கும் நடுவில், ஒரு துளையில் ஓடுவதை இன்னொரு துளையில் பிரதி எடுத்துத் தரும் சின்ன சுவிட்ச் ஒன்றையும் செருகியிருந்தேன். அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினார். திரையில் வரிகள் ஓடின.

ஒரு வரியில் யூசர் என்ற சொல், பக்கத்தில் பயனர் பெயர். இரண்டு வரி தள்ளி பாஸ் என்ற சொல், பக்கத்தில் கடவுச்சொல். அது மாமாவின் பழைய காடியின் நம்பர் பிளேட். எழுத்து எழுத்தாக, நம் வீட்டுச் சுவரில் எழுதியதுபோல் தெரிந்தது.

அதற்குக் கீழே கோப்பின் பைட்டுகள். அவற்றை மட்டும் பிரித்துச் சேமித்து, பிடிஎஃப் என்று பெயர் வைத்துத் திறந்தேன். ஒரு பாதுகாவலரின் சம்பளச் சீட்டு. பெயர், ஐசி நம்பர், அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் மணி, முன்பணமாகப் பிடித்த தொகை. நம் ஊர் ஐசி நம்பர், அதாவது அடையாள அட்டை எண், பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். இவருடையதில் 07, பினாங்கு. அவரை நான் பார்த்ததே இல்லை. அவர் எந்த நாளில், எந்த மாநிலத்தில் பிறந்தார், இந்த மாதம் எத்தனை இரவு கூடுதலாக நின்றார், எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார் என்பது எல்லாம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அந்தச் சாளரத்தை உடனே மூடினேன். பிரதியை அழித்தேன். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது.

நகல் இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது எஃப்டிபி, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் பழைய முறை. அதன் முதல் வடிவத்தை 1971-ல் எம்ஐடியில் அபய் பூஷண் எழுதினார். இன்றும் ஓடும் விதிமுறை 1985-ல் வந்தது. அக்காலத்து நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்காரர்கள், ஆராய்ச்சிக்காரர்கள். ஒருவர் பேசுவதை இன்னொருவர் ஒட்டுக்கேட்பார் என்பது அன்றைக்குப் பெரிய கவலையாக இல்லை. இயந்திரம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது தனக்குத் தெரிந்த மொழியில் பேசுகிறது. அந்த மொழியில் இரகசியம் என்ற சொல்லே கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கோப்புகள் வந்து சேர வேண்டும் என்பதற்காக ஜோர்ஜ்டவுன் ரூட்டரில் 21-ஆம் போர்ட், அதாவது எஃப்டிபி நுழையும் கதவு, உலகத்துக்கே திறந்து கிடந்தது. சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து அட்மின், ரூட், டெஸ்ட் என்று ஒவ்வொரு பெயராகக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். இரவு பகலாக.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையேப்பா."

"ஆச்சா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும் மாமா? வழியில படிச்சுட்டுப் போறவன் தாளைக் கிழிச்சுட்டா போவான்? தாள் முழுசா வந்து சேரும்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் பயந்தது அபராதத்துக்கு இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 2024-ல் வந்த திருத்தம், பிறருக்காகத் தரவைக் கையாளும் எங்களைப் போன்ற அலுவலகங்களையும் பாதுகாப்பு விதிக்குள் நேரடியாகக் கொண்டுவந்துவிட்டது. இதையெல்லாம் சொன்னேன், கேட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் பாதுகாவலரின் முன்பணத் தொகையைச் சொன்னபோதுதான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த ஆள் என்கிட்ட மட்டும் சொன்ன விஷயம் அது. செய், என்ன செலவானாலும் செய்."

முதலில் எந்தச் சாமானும் வாங்கவில்லை. கோயில் நாள்காட்டியின் பழைய தாள் ஒன்றைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு சம்பளச் சீட்டின் பயணத்தை வரைந்தேன். நகல் இயந்திரம், கிளையின் சிம் போட்ட ரூட்டர், கைப்பேசிக் கோபுரம், இணையம், ஜோர்ஜ்டவுன் ரூட்டர், அலுவலக வைஃபை, சர்வர், கடைசியில் கணக்குப் போடுபவரின் உலாவி. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு. மூடிப் போகிறதா, திறந்து போகிறதா? எல்லாக் கோடும் சிவப்பு. மாமா அலுவலக வைஃபை கோட்டில் விரல் வைத்து, "இது நம்ம வீடுதானே" என்றார். கீழே கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கும் அந்த வைஃபை கடவுச்சொல் தெரியும் என்பதை நினைவுபடுத்தினேன். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். வேலை முடியும்வரை அதுதான் திட்டம்.

நடுக்கோட்டுக்கு வயர்கார்டு. இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில், இணையத்துக்குள்ளேயே பூட்டிய ஒரு சுரங்கப்பாதை, அதாவது டனல், போடும் மென்பொருள் அது. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டது. எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தேர்வு செய்ய ஒன்றுமில்லை. எந்தக் குறியாக்கம், எந்த நீளச் சாவி என்று பழைய டனல் மென்பொருள்கள் இருபது கேள்வி கேட்கும், அதில் ஒன்று தப்பினாலும் ஓட்டை. இது சாவிப் பரிமாற்றத்துக்கு கர்வ் 25519, குறியாக்கத்துக்கு சாசா20-பாலி1305 என்று முடிவு செய்துவிட்டது. இரண்டு, சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு, அதாவது தரவுத் துண்டுக்கு, அது பதிலே சொல்லாது. கதவு தட்டிப் பார்ப்பவர்களுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது.

மாமாவின் அலுவலகத்துக்கு நிலையான ஐபி முகவரி உண்டு. அங்கே ஒரு மினி கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு, வயர்கார்டு பேசும் யுடிபி 51820-ஆம் போர்ட் ஒன்றை மட்டும் திறந்தேன். பட்டர்வொர்த்துக்கு, என்னிடம் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி. அங்கே சிம் இணைப்பு என்பதால் பொது முகவரி கிடையாது. வெளியிலிருந்து உள்ளே கூப்பிட முடியாது. ஆகவே எப்போதும் கிளைதான் தலைமையகத்தைக் கூப்பிட வேண்டும். 25 நொடிக்கு ஒருமுறை 'நான் இருக்கிறேன்' என்று ஒரு வெற்றுப் பாக்கெட் அனுப்பும்படி வைத்தேன். இல்லாவிட்டால் நடுவில் உள்ள முகவரி மாற்றி அந்த இணைப்பை மறந்துவிடும்.

சாவி விஷயத்தில் ஒரு தவறு செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜோடி: தன்னிடமே வைத்துக்கொள்ளும் இரகசியச் சாவி, எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்கும் பொதுச் சாவி. நேரம் மிச்சமாகும் என்று இரண்டு பக்கச் சாவிகளையும் என் மடிக்கணினியிலேயே உருவாக்கி, கிளையின் இரகசியச் சாவியை எனக்கு நானே வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டேன். 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இரகசியச் சாவி பிறந்த பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது. இப்போது அது என் கைப்பேசியில், மடிக்கணினியில், அவற்றின் காப்புப் பிரதிகளில் எல்லாம் இருக்கிறது. இரண்டு ஜோடியையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தந்தப் பெட்டியிலேயே புதிதாக உருவாக்கினேன். பொதுச் சாவியை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். பொதுச் சாவியை யார் பார்த்தாலும் பாதகமில்லை. ஆனால் போய்ச் சேருவது அதே சாவிதானா என்பது முக்கியம். ஃபெரியில் உட்கார்ந்து அந்த எழுத்துகளை இரண்டுமுறை சரிபார்த்தேன்.

இரண்டு அலுவலகத்திலும் உள் முகவரி 192.168.1 என்றே தொடங்கியது. அப்படி இருந்தால் எந்த முகவரி எந்தப் பக்கம் என்று பெட்டிகளுக்குத் தெரியாது. கிளையை 192.168.20 என்று மாற்றினேன். அப்புறம், சிறிய கோப்பு போகிறது, பெரிய கோப்பு பாதியில் நிற்கிறது. சிம் இணைப்பில் ஒரு பாக்கெட் 1400 பைட்டுக்கு மேல் போகவில்லை. வயர்கார்டு தன் பங்குக்கு 60 பைட் சேர்த்துக்கொள்ளும், அதன் இயல்பு அளவோ 1420. டனலில் போகும் பாக்கெட்டின் அளவை 1280 என்று குறைத்தேன். ஒழுங்காக ஓடியது.

நகல் இயந்திரத்துக்கு வருகிறேன். அதற்கு எஃப்டிபி தவிர வேறு நல்ல மொழி தெரியாது. புதிது வாங்கினால் ஆயிரக்கணக்கில் வெள்ளி. அதனால் அதை நெட்வொர்க்கிலிருந்தே பிரித்துவிட்டேன். பை பெட்டியில் யூஎஸ்பி வழியாக இரண்டாவது லேன் துளை ஒன்று சேர்த்து, இயந்திரத்தின் கேபிளை நேராக அதில் செருகினேன். பெட்டி அந்த ஒரு துளையில் மட்டும் எஃப்டிபியை ஏற்கும். இயந்திரம் இன்னமும் திறந்த குரலில்தான் பேசுகிறது. ஆனால் அந்தக் குரல் போகும் தூரம் அக்காவின் மேசைக்குக் கீழே ஒரு மீட்டர் கேபிள்.

அங்கிருந்து கோப்பைப் பூட்டி எடுத்துச் செல்வது எஸ்எஸ்எச் என்ற முறை. இது பிறந்த காரணமே எங்கள் காரணம்தான். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டிவிட்டார்கள். அங்கிருந்த டாட்டு யிலோனன் அதற்குப் பதிலாக எழுதியது இது. டனலுக்குள் ஏன் இன்னொரு மூடி என்று நண்பர் ஒருவர் கேட்டார். டனல் முடிவது மினி கணினியில். அங்கிருந்து சர்வர் வரைக்கும் அலுவலக நெட்வொர்க், அதாவது சுவரில் ஒட்டிய தாளில் மாமா விரல் வைத்த கோடு. எஸ்எஸ்எச் போட்டால் கோப்பு பை பெட்டியில் மூடப்பட்டு சர்வரில்தான் திறக்கப்படும். நடுவில் எந்தப் பெட்டியும் உள்ளே பார்க்க முடியாது.

முதல்முறை இணைக்கும்போது எஸ்எஸ்எச், 'எதிரில் இருப்பவரின் கைரேகை இது, நம்பலாமா?' என்று கேட்கும். பெரும்பாலோர் பார்க்காமலே ஆம் என்று தட்டுவார்கள். அந்த ஒரு தட்டலில்தான் எல்லாம் இருக்கிறது. எதிரில் இருப்பது வேறு யாராவது என்றால், நாம் அவருக்குத்தான் பத்திரமாக மூடி அனுப்புகிறோம். சர்வர் திரையில் தெரிந்த கைரேகையை அதே தாளில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். ஒத்துப் பார்த்த பிறகுதான் ஆம் என்றேன்.

கடைசிக் கோடு, உலாவி. சம்பளக் கணக்கு மென்பொருளை எல்லோரும் உலாவியில்தான் திறப்பார்கள். 'நான் இன்ன சர்வர்தான்' என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழை, வேறு யாரும் உறுதி செய்யாமல், சர்வர் தானே எழுதிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் சிவப்பு எச்சரிக்கை வரும். அக்காவின் விரல் அதைப் படிக்காமலே 'மேலும்', 'பரவாயில்லை, போ' என்று இரண்டு இடத்தில் தட்டும். இதை நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். உண்மையிலேயே ஒருவன் நடுவில் புகுந்தாலும் அதே எச்சரிக்கைதான் வரும், அதே விரல் அதே இரண்டு இடத்தில் தட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் முறையான சான்றிதழ் வாங்கினேன். காசு கிடையாது, 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சர்வரை வெளியே திறக்க வேண்டியதில்லை. டிஎன்எஸ்ஸில், அதாவது இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் பட்டியலில், ஒரு டெக்ஸ்ட் பதிவு போட்டு, பெயர் எங்களுடையது என்று காட்டினால் போதும். ஒன்றைக் கவனியுங்கள். இப்படி வாங்கும் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறும், யாரும் பார்க்கலாம். பெயரில் வாடிக்கையாளரையோ வேலையின் தன்மையையோ காட்டாதீர்கள்.

சான்றிதழில் உள்ள சர்வரின் பெயர், எங்கள் உள்பெயர், எந்த முகவரியைக் குறிக்கிறது என்பதைப் பொது டிஎன்எஸ்ஸில் எழுத மனம் வரவில்லை. ஜோர்ஜ்டவுன் மினி கணினியில் மட்டும் எழுதினேன். கிளையின் பை பெட்டியிலும் அக்காவின் கணினியிலும், பெயர் கேட்க வேண்டுமென்றால் டனல் வழியாக அந்த மினி கணினியிடம் கேள் என்று வைத்தேன். அப்போது அது சரியாகத்தான் பட்டது.

எல்லாம் முடிந்த நாள் மறுபடியும் வயர்ஷார்க். அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினார். ரூட்டருக்குப் போகும் கம்பியில் 51820-க்குப் போகும் யுடிபி பாக்கெட்டுகள் மட்டும் ஓடின. உள்ளே பார்த்தால் கலைத்துப் போட்ட பைட்டுகள். பெயர் இல்லை, ஐசி இல்லை, காடி நம்பர் இல்லை. 21-ஆம் போர்ட்டை மூடினேன். சுவரில் இருந்த தாளில் சிவப்புக் கோடுகளின் மேல் பச்சையில் கோடு இழுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஐப்பசி மழை தொடங்கியது.

அந்தக் கடைவீட்டின் வயரிங் பழையது. பலமாக மின்னல் வெட்டினால் மெயின் ஸ்விட்ச் விழுந்துவிடும். வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டால்தான் கரண்ட். ஒரு நாள் அப்படி விழுந்து எழுந்த பிறகு அக்கா கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே வரமாட்டேங்குது. கைப்பேசியில இண்டர்நெட் வருது." நான் வேலையில் இருந்தேன். தொலைவிலிருந்து ஜோர்ஜ்டவுன் பெட்டியில் வயர்கார்டை நிறுத்தித் தொடங்கினேன். உடனே சரியானது. கோளாறு ஜோர்ஜ்டவுனில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த முறை நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால், "அதுவே வந்துருச்சு தம்பி" என்கிறார். தானாகச் சரியாகும் கோளாறு எனக்கு ஆகாது. அது போகவில்லை, எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது முறை ஒரு சனிக்கிழமை. நல்லவேளையாக நான் மாமா அலுவலகத்தில் இருந்தேன். கரண்ட் போனது மூன்று மணி சுமாருக்கு, வந்தது நாலு பத்துக்கு. அக்காவின் அழைப்பு வந்ததும், இந்தமுறை எதையும் நிறுத்தித் தொடங்கக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டேன். வயர்ஷார்க் போலவே பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்து, வந்து விழும் பாக்கெட்டுகளின் நீளத்தை மட்டும் பார்த்தேன்.

148. ஐந்து நொடி. 148. ஐந்து நொடி. 148.

வயர்கார்டு பாக்கெட்டை உடைத்துப் படிக்க முடியாது, ஆனால் நீளமே பாதி கதை சொல்லும். 148 பைட் என்றால் கிளை, 'நான்தான், பேசலாமா?' என்று கூப்பிடுகிறது. அதற்குப் பதில் 92 பைட். இங்கே 148 வந்துகொண்டே இருக்கிறது, 92 ஒன்றுகூடப் போகவில்லை. ஆக, சிம் இணைப்பு நன்றாக இருக்கிறது, பாக்கெட் கடலைத் தாண்டி வந்து சேர்கிறது. ஜோர்ஜ்டவுன் கேட்கிறது, ஏற்க மறுக்கிறது. கெர்னலில் வயர்கார்டின் விரிவான பதிவை இயக்கிப் பார்த்தேன். செல்லாத அழைப்பு என்று ஒவ்வொரு ஐந்து நொடிக்கும் ஒரு வரி. சாவிகளை ஒத்துப் பார்த்தேன். மாறவில்லை. மாறாத சாவியை ஏன் மறுக்கிறது?

பை பெட்டியில் நிலைமையைக் காட்டும் ஒரு சின்னப் பக்கம் வைத்திருந்தேன். அதன் எண் முகவரியை அக்காவிடம் சொல்லி உலாவியில் தட்டச் சொன்னேன்.

"மேல என்ன இருக்கு அக்கா?"

"தேதி, மணி போட்டிருக்கு. ரெண்டு இருபத்தஞ்சு."

என் கைக்கடிகாரத்தில் 4:18.

அப்போதுதான் புரிந்தது. ராஸ்பெரி பை 4-க்குள் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரம் போய்விடும். மணிக்கு ஒருமுறை அது நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும். எழுந்ததும் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடங்கும். அன்று கடைசியாக எழுதியது 2:17. சரி, அதனால் டனலுக்கு என்ன? வயர்கார்டின் ஒவ்வொரு அழைப்புக்குள்ளும் அனுப்புபவரின் நேரம் முத்திரையாக இருக்கும். போனமுறை வந்த முத்திரையைவிட இது பிந்தியதாக இருந்தால்தான் எதிர்ப்பக்கம் ஏற்கும். நியாயமான விதி. யாராவது பழைய அழைப்பைப் பதிவு செய்து வைத்து மறுபடி அனுப்பினால் ஏமாறக் கூடாது அல்லவா. ஆனால் எங்கள் சொந்தப் பெட்டியே நேற்றைய ஆள்போல வந்து நின்றது.

சரியான நேரத்தை இணையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே? கேட்கப் பார்த்தது. நேரம் சொல்லும் சர்வருக்கு ஒரு பெயர். பெயருக்கு முகவரி தெரிய டிஎன்எஸ். டிஎன்எஸ்ஸை டனல் வழியாகக் கேள் என்று வைத்தவன் நான். டனலுக்கு நேரம் வேண்டும், நேரத்துக்கு டனல் வேண்டும்.

முதல் இரண்டு முறை நடந்ததும் இப்போது விளங்கியது. ஜோர்ஜ்டவுன் பக்கம் போனமுறை வந்த முத்திரையை நினைவகத்தில்தான் வைத்திருக்கிறது. நிறுத்தித் தொடங்கினால் மறந்துவிடும், எதையும் ஏற்கும். தானாகச் சரியானதோ, பை பெட்டியின் கடிகாரம் தவறான இடத்திலிருந்து ஓடி ஓடி, கடைசி முத்திரையைத் தாண்டிய அந்த நொடியில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜோர்ஜ்டவுன் பெட்டி, கடைசியாக ஒத்துக்கொண்டது 3:04-க்கு என்று காட்டியது. பை பெட்டி 1 மணி 53 நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது. அப்படியென்றால் 4:57-க்கு டனல் தானாக எழ வேண்டும். எதையும் தொடாமல் காத்திருந்தேன். மாமாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். 148 மட்டும் வந்துகொண்டிருந்தது. 4:57 தாண்டிச் சில நொடிகளில் 148-க்குக் கீழே ஒரு 92. மாமா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

சரிசெய்ய இரண்டு வேலை. கொம்தார் பக்கம் ஒரு கடையில் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு பொருத்திய சின்னப் பலகை வாங்கினேன், காசு அளவே உள்ள ஒரு பேட்டரியோடு. பை பெட்டியின் ஊசிகளில் செருகி, நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும் இயங்குதளத்தின் போலிக் கடிகாரத்தை நீக்கினேன். டிஎன்எஸ்ஸையும் பிரித்தேன்: உள்பெயரை மட்டும் டனல் வழியாகக் கேள், மற்றதை எல்லாம் வெளியே கேள். இரண்டில் ஒன்று போதும்தான். ஆனால் காசுப் பேட்டரியும் ஒருநாள் தீரும்.

இதைச் செய்யும்போது இன்னொரு கோடும் கண்ணில் பட்டது, அந்தத் தாளில் நான் வரையவே மறந்த கோடு. நேரமும் நெட்வொர்க்கில்தான் வருகிறது. நேரம் கேட்கும் சாதாரண முறையான என்டிபி 123-ஆம் போர்ட்டில், மூடியோ முத்திரையோ இல்லாமல் வருகிறது. வழியில் ஒருவன் பொய் நேரம் சொல்லி எங்கள் கடிகாரத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டால்? அந்த முத்திரையோடு ஓர் அழைப்பு ஜோர்ஜ்டவுனுக்குப் போய்விட்டால், பிறகு கடிகாரம் சரியானாலும் எங்கள் உண்மையான அழைப்புகள் எல்லாம் பழையவை ஆகிவிடும். அதன் பாதுகாப்பான வடிவமாக 2020-ல் விதிமுறையாக வந்த என்டிஎஸ், சான்றிதழ் சரிபார்த்த பிறகுதான் நேரத்தை நம்பும். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி மென்பொருளில் அதைப் போட்டேன். சான்றிதழ் சரிபார்க்கவும் ஓரளவு சரியான நேரம் தேவை. அதைக் கடிகாரச் சில்லு பார்த்துக்கொள்கிறது.

அடுத்த சனிக்கிழமை பட்டர்வொர்த் போனேன். ஜோர்ஜ்டவுனில் மாமாவைத் திரைக்கு முன் உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். வேலை முடிந்த நேரத்தில் பை பெட்டியின் கரண்டைப் பிடுங்கினேன். அக்காவும் நானும் முக்கில் உள்ள கடையில் தே தாரிக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து மறுபடி செருகினோம். கைப்பேசியில் மாமா.

"நூத்தி நாப்பத்தெட்டு வந்திருக்கு... தொண்ணூத்திரண்டு. உடனேப்பா, உடனே."

அக்கா அன்றைக்குக் கடைசியாக இருந்த ஒரு சீட்டை இயந்திரத்தில் குப்புற வைத்து, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.